நாலடி வழி: குமரி மாவட்டத்தில் ஆறு நாள்

முதல் நாள், சனி: சுசீந்திரம்

காலையில் நாகர்கோவில் ஜங்ஷனில் இறங்கும்போதே சாரல். ஆனி மாதத்துக் குமரி மழைக்குச் சத்தம் கிடையாது. குடையை விரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கட்டன்சாயாவும் ரசவடையும் சாப்பிட்டேன்.

பைக்குள் அம்மா எழுதிக் கொடுத்த பவர் பத்திரம் இருக்கிறது. கருங்கல் பக்கத்தில் அம்மாவின் தாய்வீடு. 12 சென்ட் வஸ்து, அதில் ஓர் ஓட்டு வீடு. இங்கே நிலத்தை வஸ்து என்றுதான் சொல்வார்கள். அம்மாவுக்கும் மாமாவுக்கும் பொதுவான சொத்து, விற்கலாமா என்று பேச்சு வந்திருக்கிறது. அம்மாவுக்கு முட்டுவலி, சென்னையிலிருந்து அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியாது. "நீ போய்ப் பாரு. மாமாகிட்ட பேசு. எது சரின்னு படுதோ அதைச் செய்" என்று சொல்லி அனுப்பினாள்.

என் தொழில் மதிப்பீடு. வீட்டுக் கடன் கேட்பவர்களின் மனைக்கும் கட்டடத்துக்கும் வங்கிக்காக விலை போட்டுக் கொடுப்பேன். அதனால் உலகத்தில் எந்தத் தெரு எவ்வளவு என்று வருஷா வருஷம் வருகிற பட்டியல்களை விடாமல் படிப்பேன். ராத்திரி ரயிலிலும் அதைத்தான் படித்துக்கொண்டு வந்தேன். ஐரோப்பாவின் குட்டி நாடான மொனாக்கோவின் பிரின்சஸ் கிரேஸ் அவென்யூ, ஹாங்காங்கின் பீக் என்கிற மலை, லண்டனின் கென்சிங்டன் பேலஸ் கார்டன்ஸ், நியூயார்க்கின் 57ஆம் தெரு. நம் நாட்டில் என்றால் மும்பையின் அல்டமவுண்ட் சாலை. முகேஷ் அம்பானியின் 27 மாடி வீடான அன்டிலியா அங்கேதான் நிற்கிறது. நைட் ஃபிராங்க் என்ற சொத்து ஆலோசனை நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி 10 லட்சம் டாலரோடு போனால் மொனாக்கோவில் 16 சதுர மீட்டர் கிடைக்கும். ஹாங்காங்கில் 22, லண்டனில் 33, மும்பையில் 103. 16 சதுர மீட்டர் நம் கணக்கில் 172 சதுர அடி. அரை சென்ட்கூட வராது.

மாமா திங்கள்கிழமைதான் வரச் சொல்லியிருக்கிறார். நடுவில் இரண்டு நாள் இருக்கிறது. மத்தியானம் பஸ் பிடித்து சுசீந்திரம் போனேன்.

தாணுமாலயன் கோயிலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் போனது கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களைப் பார்க்க. தேர் ஓடுகிற தெருக்கள். பழைய வீடுகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. வாசலில் தார்சா, அதில் மரத்தூண், உள்ளே பார்த்தால் இருட்டுக்குள் தூரத்தில் முற்றத்து வெளிச்சம். மழையில் யாரும் இல்லை. மேலத் தெருவிலிருந்து வடக்கே திரும்பி ஒரு சுற்று முழுக்க நடந்தேன்.

நூறு வருஷம் முன்னால் என் பாட்டாவின் அப்பா இந்தச் சுற்றை நடந்திருக்க முடியாது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதிக்காரர்களும் நடக்க வேண்டும் என்று 1926ல் இங்கே சத்தியாகிரகம் நடந்தது. நாகர்கோவில் டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்று நடத்தினார். வைக்கத்தில் 1924லும் 1925லும் நடந்த போராட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. 1930ல் இங்கே மறுபடியும் இறங்கினார்கள். 1936 நவம்பர் 12ஆம் தேதி, இந்தப் பகுதியும் அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த பிறகு கோயில் கதவே திறந்தது.

ரயிலில் படித்த அத்தனை தெருவையும்விட இந்தத் தெரு இன்றைக்கு என் மனதில் நிற்கிறது. கல்லூரிப் பாடத்தில் இதைப் படித்திருக்கிறேன். ஆனால் கால் நனைய நடந்து பார்த்தபோதுதான் எவ்வளவு குட்டித் தெரு என்று தெரிந்தது. இவ்வளவு தூரம் நடப்பதற்கா அத்தனை வருஷம் போராடினார்கள்?

இரண்டாம் நாள், ஞாயிறு: பத்மநாபபுரம்

தக்கலையில் இறங்கி ஆட்டோ. அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில். டிக்கெட் கொடுப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தபோதும் இந்தக் கொட்டாரம் அவர்கள் கையிலேயே இருந்துவிட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் முதலில் கால்தான் பார்க்கிறது. தரை அப்படிக் குளிர்ந்து கிடக்கிறது. கன்னங்கரேல் என்று கண்ணாடி மாதிரி. சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்கிறார் வழிகாட்டி. குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஒரு சொரசொரப்புக்கூட இல்லை. என் தொழிலில் இத்தாலிய மார்பிள் போட்ட வீடுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். எதிலும் இந்த மென்மை கைக்குப் பட்டதில்லை.

பழைய பகுதி தாய்க் கொட்டாரம். நானூறு வருஷத்துக்கு மேல் பழசு. அதில் ஏகாந்த மண்டபம் என்று ஒரு மூலை, அங்கே ஒரே பலா மரத்தில் செதுக்கிய தூண். நாலு பக்கமும் கூரை சரிந்து வருகிற நடுமுற்றத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. காவலர் வந்து "நடங்க, நடங்க" என்றார்.

உப்பரிகை மாளிகை நாலு நிலை. கீழே கருவூலம். அதற்கு மேலே ராஜாவின் படுக்கை, 64 மூலிகை மரங்களால் செய்ததாகச் சொல்லும் கட்டில் அங்கே இருக்கிறது. அறை நான் நினைத்ததைவிடச் சின்னது. இப்போது சென்னையில் மூன்று படுக்கையறை ஃபிளாட் வாங்குகிறவர் இதைவிடப் பெரிய மாஸ்டர் பெட்ரூம் கேட்பார். உச்சி நிலை பத்மநாபசாமிக்கு. அங்கே ஆள் படுப்பதில்லை, சுவர் முழுக்கச் சித்திரம், விளக்கு. இப்போது மேலே ஏற விடுவதில்லை.

1750 ஜனவரியில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா நாடு முழுவதையும் பத்மநாபசாமிக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, அவருடைய தாசனாக ஆண்டார். அதாவது ராஜா வாழ்ந்த வீட்டுக்கும் ராஜா சொந்தக்காரர் இல்லை.

உலகத்தின் விலை கூடிய தெருக்களிலும் கதை இதுதான். கென்சிங்டன் பேலஸ் கார்டன்ஸ் 1840களில் அரண்மனையின் காய்கறித் தோட்டத்தைப் பிரித்துப் போட்ட தெரு. நீளம் ஏறக்குறைய முக்கால் கிலோமீட்டர்தான். நிலம் இன்றும் கிரவுன் எஸ்டேட் என்கிற பிரிட்டிஷ் அரச சொத்து அமைப்பின் கையில். 2004ல் எஃகு அதிபர் லட்சுமி மிட்டல் 5.7 கோடி பவுண்ட் கொடுத்து அங்கே ஒரு வீடு வாங்கியபோது உலகமே அதைப் பற்றிப் பேசியது. ஆனால் அந்தத் தெருவில் வாங்குவது பெரும்பாலும் நீண்ட காலக் குத்தகை. ஹாங்காங்கிலும் நிலம் அரசாங்கத்துக்கு. செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் நிற்கிற இடம் ஒன்றுதான் விதிவிலக்கு.

நான் வேலையில் மூன்று வழியில் விலை போடுவேன். பக்கத்து மனை என்ன விலைக்குப் போனது, இதே கட்டடத்தை இன்று கட்ட எவ்வளவு ஆகும், வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும். இந்தக் கொட்டாரத்துக்கு மூன்றும் ஒத்துவராது. பக்கத்து மனை கிடையாது. கட்ட ஆசாரி கிடையாது. ஊட்டுப்புரையின் இரண்டு தளத்திலும் தினம் இரண்டாயிரம் பேர் சாப்பிட்டார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது, இந்த வீட்டின் மதிப்பு அந்த நீளமான வெறும் தளத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. 1795ல் தலைநகரம் திருவனந்தபுரம் போய்விட்டது. பந்தி மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது.

மூன்றாம் நாள், திங்கள்: கருங்கல் பக்கம்

இன்று எழுத நிறைய இருக்கிறது.

தக்கலையிலிருந்து கருங்கல் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. வாழை, ரப்பர், தென்னை, நடுநடுவே வீடுகள். வீடுகள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. மூன்று மாடி, உருண்டைத் தூண், போர்டிகோவில் தார்ப்பாய் போர்த்திய கார், கேட்டின் இரண்டு பக்கமும் தங்க நிற யானை. ஒரு கிலோமீட்டருக்குள் பதினொன்று எண்ணினேன். ஏழில் ஜன்னல் எல்லாம் அடைத்துக் கிடந்தது.

மாமா வீட்டுக்கு நாலு வீடு தள்ளியும் அப்படி ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்கிற பாட்டி உள்ளே கூட்டிப்போனார். ஹாலில் நாற்காலிக் கால்களில் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. மாடிப்படியின் கைப்பிடி ஈட்டி மரம், விரல் ரேகை பதியாத பளபளப்பு. பின்னால் வேலை ஏரியாப் படியில் மட்டும் ஆள் புழங்கிய அடையாளம்: மீன் வெட்டுகிற பலகை, ஒரு சருவம், உலர்த்திய சேலை.

"மஸ்கட்டுல இருக்காவ. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருவாவ" என்றார். "நல்ல வீடு மக்கா. ஒரு சொட்டு ஒழுகாது. எனக்க வீடு ஒழுகும். மழைக்கு நான் இங்கதான் படுப்பேன்."

நியூயார்க்கின் 57ஆம் தெருவும் இப்படித்தான். சென்ட்ரல் பார்க்குக்குத் தெற்கே ஊசி மாதிரி நிற்கிற கோபுரங்கள். 472 மீட்டர் உயரத்தில் சென்ட்ரல் பார்க் டவர், பக்கத்தில் 432 பார்க் அவென்யூ. அந்த வட்டாரத்தில்தான் 2019ல் நிதி நிறுவன அதிபர் கென் கிரிஃபின் ஒரு வீட்டை 23.8 கோடி டாலருக்கு வாங்கினார். அமெரிக்காவில் அதுவரை எந்த வீடும் அந்த விலைக்குப் போனதில்லை. வாங்கிப் போட்டுவிட்டு வேறு நாட்டில் இருப்பவர்கள் அங்கே நிறைய. ராத்திரியில் பல தளங்களில் விளக்கு எரியாது.

மத்தியானம் மரச்சீனியும் மீன் கறியும் சாப்பிட்டுவிட்டு இதை மாமாவிடம் சொன்னேன். இவ்வளவு காசைப் போட்டுக் கட்டிவிட்டுப் பூட்டி வைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது என்றேன். மாமா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மாடி வைக்கப்பிடாதுன்னு சொன்ன ஊரு மக்ளே இது. அது உனக்குத் தெரியுமா?"

தெரியும். ஆனால் அந்த வீடுகளோடு சேர்த்து யோசித்ததில்லை. திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டில் தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிகளுக்கு மாடி வீடு கிடையாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மிஷனரிகள் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். தோளில் சேலை போட்டதற்காகப் பெண்கள் அடிபட்டதும் இந்த மண்ணில்தான். 1859ல்தான் மேலாடை போடலாம் என்று அரசாணை வந்தது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பாலைவனத்தில் வெயில் காய்ந்து சம்பாதித்து மூன்று மாடி வைக்கிறார்கள். குடியிருக்க இரண்டு அறை போதும் என்று அவர்களுக்குத் தெரியாதா? பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான் கட்டுகிறார்கள். அந்தப் பூட்டிய ஜன்னல்களை இனி என்னால் பழைய மாதிரி பார்க்க முடியாது.

ஹாங்காங்கின் பீக் ஞாபகம் வந்தது. 1904ல் பிரிட்டிஷ் அரசு அந்த மலை வட்டாரத்துக்கு ஒரு சட்டம் போட்டது. சீனர்கள் அங்கே குடியிருக்கக் கூடாது, வேலைக்காரர்களாக மட்டும் இருக்கலாம். மேலே காற்று குளிர்ச்சி. கீழே நெரிசல், பிளேக் பயம். அதனால் மலையைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். 1946ல்தான் சட்டம் நீங்கியது. அதே பீக்கில் 2021ல் மவுண்ட் நிக்கல்சன் என்ற குடியிருப்பில் ஒரு ஃபிளாட் 64 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. சதுர அடிக்கு 1,40,000க்கு மேல். சட்டம் போய்விட்டது, விலை அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

நியூயார்க்கில் ஆகாயத்தையே விற்கிறார்கள். குட்டையான கட்டடத்துக்காரர் தன் மனையில் இன்னும் இத்தனை அடி கட்டலாம் என்ற உரிமையைப் பக்கத்து மனைக்காரருக்கு விற்றுவிடலாம். அப்படி வாங்கிச் சேர்த்துத்தான் அந்தக் கோபுரங்கள் அவ்வளவு உயரம் போயின. இங்கே ஒரு காலத்தில் சொந்தக் கூரைக்கு மேலே இருந்த ஆகாயம்கூடச் சொந்தமாக இல்லை.

சரி, எங்கள் வஸ்துக்கு வருகிறேன்.

சாயங்காலம் மாமா தகரப் பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்தார். மலையாளத்தில் எழுதியது. சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் முத்திரைத்தாள், மடிப்பில் நூல்போல் கிழிந்திருக்கிறது. கொல்லம் 1124 மீன மாதம். அதாவது 1949 மார்ச், ஏப்ரல். பாட்டா வாங்கியது. மாமா விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: மேற்கு எல்லையோடு, பின்பக்கக் குடியிருப்புக்காரர்கள் கிணற்றுக்கும் ரோட்டுக்கும் போக வர நாலடி வழி.

அந்த வழி இன்றும் இருக்கிறது. பின்னால் ஆறு வீடு. இப்போது குழாய் வந்துவிட்டதால் கிணற்றுக்கு ஆள் வருவது குறைவு. ஆனால் பஸ் ஸ்டாப்புக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எல்லோரும் எங்கள் முற்றத்து ஓரமாகத்தான் போகிறார்கள்.

ஆறு மணிக்குத் தரகர் வந்தார். "இப்படியே கொடுத்தா சென்டுக்கு ஏழு லட்சம். வழியை அடைச்சுக் கொடுத்தா எட்டு. பின்னால உள்ளவங்ககிட்ட கையெழுத்து நான் வாங்கித் தாறேன், ஏதாவது கொடுத்தாப் போதும்."

அவர் சொன்னது தொழில் முறைப்படி சரி. வழிபாத்தியம் இருக்கிற மனைக்கு நானே எத்தனையோ அறிக்கையில் மதிப்பைக் குறைத்து எழுதியிருக்கிறேன். குறை என்ற தலைப்பின் கீழ்தான் அது வரும். இன்றைக்கு அந்தச் சொல் உறுத்துகிறது.

இதைப் பாட்டியின் பழைய கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். 12 சென்ட், ஏழு லட்சம் வீதம் 84 லட்சம். டாலர் 84 ரூபாய் என்று வைத்தால் ஒரு லட்சம் டாலர். மொனாக்கோவில் அதற்கு 1.6 சதுர மீட்டர், ஏறக்குறைய 17 சதுர அடி. கட்டிலைச் சாண் போட்டு அளந்தேன். ஆறடிக்கு மூன்றடி.

நாலாம் நாள், செவ்வாய்: முட்டம், குளச்சல்

மாமாவுக்கு யோசிக்க ஒருநாள் வேண்டுமாம். எனக்கும்தான். கடற்கரைக்குப் போனேன்.

முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைமேல் நின்றால் காற்று ஆளைத் தள்ளுகிறது. தென்மேற்குப் பருவக் கடல், பழுப்பு நிறத்தில் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அழகான இடம். இதே காட்சி பிரெஞ்சுக் கடற்கரையில் இருந்தால் ஒரு ஜன்னலுக்கே தனி விலை போடுவார்கள்.

குளச்சலில் ஒரு பெரியவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கல் சுவர்தான். அலை அடிக்கும்போது சுவருக்கு மேலே நுரை எழும்புகிறது. வெளியூர்க்காரர்கள் யாராவது இங்கே இடம் கேட்டு வருகிறார்களா என்று கேட்டேன்.

"வாறாவ. கடல் பாத்த வீடு வேணும்னு கேக்காவ" என்றார். "கடலும் நம்மளப் பாக்கும்லா?"

2004 டிசம்பர் 26ஆம் தேதி அது எப்படிப் பார்த்தது என்று இந்தக் கரைக்குத் தெரியும். கொட்டில்பாட்டில் அன்று இறந்தவர்களின் நினைவிடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அதைப் பற்றி எழுதக் கை வரவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது போன படகுகளைப் பற்றியும் பெரியவர் பேசினார். பேச்சில் ஆண்டு சொல்வதில்லை. "அந்தக் காத்துக்கு" என்கிறார்.

கடலோர விதிமுறைப்படி கிராமப்புறக் கரையில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குப் புதிய கட்டடத்துக்குக் கட்டுப்பாடு. மக்கள் நெருக்கமாக வாழும் ஊர்களுக்கு 2019ல் அதை 50 மீட்டராக்கினார்கள். மீனவர் வீடுகள் அதற்கும் உள்ளே, தலைமுறை தலைமுறையாக. மண்ணரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர், போடுகிறார்கள். ஒரு ஊரில் வளைவு போட்டால் பக்கத்து ஊரில் அரிப்பு கூடுகிறது என்று வருத்தப்பட்டார் பெரியவர். கரையோடு நகர்ந்து வரும் மணலை வளைவு ஒரு பக்கம் பிடித்து வைத்துக்கொண்டால் அடுத்த பக்கத்துக்கு மணல் வராது. அதுதான் காரணம்.

மொனாக்கோ முழு நாடே சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர்தான். குடியிருப்பவர்களுக்கு வருமான வரி இல்லை, பிரெஞ்சுக்காரர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அதனால் உலகத்துப் பணக்காரர்கள் குவிகிறார்கள். நிலம் போதாமல் கடலையே தூர்த்தார்கள். பெரிய பெரிய கான்கிரீட் பெட்டிகளைக் கடலடியில் வரிசையாக இறக்கிச் சுவராக்கி, உள்ளே நிரப்பி, 6 ஹெக்டேர் புது நிலம் உண்டாக்கி, மரெடெர்ரா என்று பெயர் வைத்து 2024 டிசம்பரில் திறந்தார்கள். நம் அளவில் 15 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நாட்டில் வீட்டு விலை சராசரியாகச் சதுர மீட்டருக்கு 50,000 யூரோவைத் தாண்டிவிட்டது. ஒரு சென்ட் அளவு தரைக்கு, யூரோ 90 ரூபாய் என்று வைத்தாலே, 18 கோடி.

அங்கே கடலுக்குள் வீடு போகிறது. இங்கே வீட்டுக்குள் கடல் வருகிறது. அந்தத் தொழில்நுட்பத்தில் ஒரு துளி இந்தக் கரைக்குக் கிடைத்தால் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். பெரியவர் ஒரு பொதி நெத்திலிக் கருவாடு கொடுத்தார். காசு வாங்கவில்லை.

ஐந்தாம் நாள், புதன்: மழை

வெளியே எங்கும் போகவில்லை. வில்லங்கச் சான்று பார்த்தாயிற்று, சுத்தமாக இருக்கிறது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக வாங்குகிறவருக்கு 9 சதவீதம்.

ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன். எட்டு லட்சம், ஏழு லட்சம் கதையைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்:

"நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ நம்ம வீட்டுக்கே ரோடு கிடையாது. கீழவிளை வழியாத்தான் போவோம், வருவோம். அது கீழவிளைக்காரங்க வஸ்து. நெல்லு காயப் போட்டிருந்தாக்கூட ஓரமா ஒதுக்கி வழி விடுவாங்க. என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்ததும் அதுலதான். ஒருநாளும் மறிச்சதில்ல."

மாமாவிடம் போனைக் கொடுத்தேன். இரண்டு பேரும் வழியைப் பற்றிப் பேசவே இல்லை. பலாப்பழத்தைப் பற்றிப் பேசினார்கள்.

ஆறாம் நாள், வியாழன்: அளவு

முடிவு இதுதான். வீடும் கிழக்கே ஐந்து சென்டும் மாமாவுக்கும் அம்மாவுக்கும் இருக்கட்டும். மேற்கே ஏழு சென்டைக் கொடுக்கிறோம். வழி அந்த ஏழு சென்டுக்குள் வருகிறது. புதுப் பத்திரத்திலும் அது பழையபடி எழுதப்படும். ஒத்துக்கொள்கிறவர் வாங்கினால் போதும். தரகர் முதலில் முகம் சுளித்தார். மாமா சொன்னார், "அந்த வழி எனக்க அப்பா எழுதி வச்சது. நான் அடைக்க மாட்டேன்." அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை.

காலை எட்டரைக்கு அளக்க ஆரம்பித்தோம். மழை விட்டிருந்தது, மண் நெகிழ்ந்து கிடந்தது. வடமேற்கு மூலையில் பழைய எல்லைக்கல் பாசி பிடித்துப் புதைந்திருந்தது. மாமா மண்வெட்டியால் சுற்றிலும் வாரிவிட்டு, கையால் துடைத்துக் காட்டினார். தரகர் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனையை.

வழிக்குக் குறுக்கே டேப்பை இழுத்துப் பிடித்திருந்தபோது பின்வீட்டுப் பிள்ளை யூனிஃபார்மில் வந்தாள். பெரிய பை, கையில் மடக்கிய குடை. டேப்பைப் பார்த்து நின்றாள். தரகர் டேப்பைத் தரையோடு தாழ்த்திப் பிடித்தார். "போ மோளே, நேரமாச்சு." அவள் தாண்டிப் போனாள். பின்னாலேயே அவள் தம்பியும், அவனுக்குப் பின்னால் பால் பாத்திரத்தோடு ஒரு அக்காவும். மூன்று தடவை தாழ்த்த வேண்டியிருந்தது.

அப்புறம் தரகர் குனிந்து படித்தார். "நாலடி ரெண்டு இஞ்சு இருக்கே. பத்திரத்துல நாலுதானே?"

மாமா அந்த இடத்தைப் பார்த்தார். புல் முளைக்காமல் நடுவில் தேய்ந்து, இரண்டு ஓரமும் காலடி பட்டு மழமழவென்று கிடந்தது.

"நடந்து நடந்து அகண்டதாக்கும்" என்றார். "ரெண்டு இஞ்சையும் சேத்து எழுதும்."